கொட்டிலில் இருந்த அமெரிக்கர்

எங்கள் வீட்டில் பதினொரு பேர் இருந்தபோது பன்னிரண்டாவதாக ஓர் அமெரிக்கர் வந்து சேர்ந்தார். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேலாகியிருந்ததால் படுக்க இடமோ குளிக்க வெந்நீரோ கேட்கவில்லை. அவரால் எனக்கிருந்த சௌகரியம் அது ஒன்றுதான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, ரெய்னர்ஸ் லேன். மூன்று அறையும் ஒரு ஹோலும் உள்ள வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து யார் புதிதாக வந்து இறங்கினாலும் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். வேறு இடம் கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லித்தான் வருவார்கள். லண்டனில் வேறு இடம் என்று ஒன்று இருப்பதாக அவர்கள் யாரும் பிறகு நம்பியதாகத் தெரியவில்லை. காலையில் குளியலறைக்கு முறை வைத்திருந்தோம். முறைப்பட்டியலை எழுதிக் கதவில் ஒட்டியவர் என் கணவரின் பெரியம்மா மகன், ஓய்வுபெற்ற தபாலதிபர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர். பட்டியலின் அடியில் 'உத்தரவுப்படி' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார். யாருடைய உத்தரவு என்று கேட்க எவருக்கும் துணிவில்லை.

என் கணவர் ஊரில் தாவரவியல் படிப்பித்தவர். ஒரு வேப்பிலையைக் கையில் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் கதைப்பார். கலியாணமான புதிதில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், "இலையை விட்டிட்டுச் சோத்தைச் சாப்பிடுங்கோ" என்று நான் சொன்னதுண்டு. லண்டனுக்கு வந்த பிறகு அவர் கதைப்பதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, கோபமும் இல்லை. பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பகல் முழுக்க 'பம்ப் நம்பர் நாலு' என்பார். வீட்டுக்கு வந்தால் அதுகூட இல்லை. என் வாய்க்கொழுப்புத்தான் அவர் வாயை அடைத்துவிட்டதோ என்று மனதுக்குள் வெந்திருக்கிறேன். எனக்கு நகை வேண்டாம், பெரிய வீடு வேண்டாம், இந்த மனிதர் பழையபடி ஓர் இலையைப் பற்றி என்னோடு கதைத்தால் போதும் என்றிருந்தது.

அந்த நேரத்தில்தான் பெற்றோல் அடிக்க வந்த யாரோ ஒருவர் கவுண்டரில் ஒரு புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார். மூன்று மாதமாகியும் அவர் திரும்பி வரவில்லை. என் கணவர் அதை வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். பிறகு ஒருநாள் எல்லோரும் தட்டோடு இருந்து சாப்பிடும்போது தலையை நிமிர்த்தி ஒரு முழு வசனம் சொன்னார்.

"நான் பின்னாலை கொட்டிலுக்குள்ளை போய் இருக்கப் போறன்."

மற்ற ஒன்பது பேரும் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் என்னைப் பார்த்தார்கள். புருஷன் கொட்டிலுக்குப் போகிறான் என்றால் பெண்சாதி ஏதோ செய்திருக்கிறாள் என்பது எங்கள் சனத்தின் சட்டம். பின்தோட்டத்துக் கொட்டில் என்பது முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பலகைக் கூடு. உள்ளே துருப்பிடித்த புல்வெட்டி, காய்ந்த பெயின்ற் தகரங்கள், சிலந்திகள். ஒரு மனிதர் காலை நீட்டிப் படுத்தால் கதவைச் சாத்த முடியாது.

"உமக்கும் பிள்ளைக்கும் ஏதும் பிரச்சினையோ?" என்று போஸ்ட்மாஸ்டர் அத்தான் என்னைக் காட்டி அவரிடம் கேட்டார்.

"இல்லை அண்ணை. அவரும் இப்பிடித்தான் இருந்தவர்."

"எவர்?"

அன்றைக்குத்தான் அமெரிக்கர் எங்கள் வீட்டுக்குள் முறைப்படி வந்தார். பென்சில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவர். படித்த படிப்புக்கு வேலை பார்க்காமல் ஒரு குளக்கரையில் தன் கையால் கொட்டில் கட்டி, அவரைக்கொட்டை விதைத்து, இரண்டு வருடமும் இரண்டு மாதமும் தனியே இருந்தார். குளம் உறைவதையும் எறும்புகள் சண்டை பிடிப்பதையும் பார்த்து எழுதிவைத்தார். போருக்கும் அடிமை முறைக்கும் துணைபோகிற அரசாங்கத்துக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று மறியலில், அதாவது சிறையில், ஓர் இரவு இருந்தார். பிற்காலத்தில் இந்தியாவில் உப்புக் காய்ச்சினவர்களுக்கும் அவருடைய எழுத்து வழி காட்டியது. இவ்வளவையும் என் கணவர் மூச்சு விடாமல் சொன்னார். நான் அமெரிக்கரைக் கவனிக்கவில்லை. இவருடைய குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பென்சில் பக்டரி இருந்தா நானும்தான் குளத்தடியிலை போய்க் குந்தியிருப்பன்" என்று என் வாய் சொன்னது. என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும்.

அடுத்த சனிக்கிழமை அவர் கொட்டிலுக்குப் போனார். ஒரு கட்டில் மெத்தையை இரண்டாக மடித்து உள்ளே போட்டுக்கொண்டார். பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கினார். வெளியே நான்கு வரிசை அவரை விதைத்தார். குளம் இல்லை என்பது அவருக்கு ஒரு குறையாக இருந்தது. குழந்தைகளின் குளிக்கும் தொட்டி ஒன்றை எங்கேயோ எடுத்து வந்து தண்ணீர் நிரப்பி வைத்தார். நீலப் பிளாஸ்டிக்கில் மஞ்சள் வாத்துப் படம் போட்ட தொட்டி. அதன் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு நீர்ப்பரப்பை அவதானித்துக்கொண்டிருந்தார்.

அவர் தேடிப்போனது தனிமை. எங்கள் சனத்துக்குத் தனிமை என்பது காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். ஒருவனுக்கு அது வந்துவிட்டது என்று தெரிந்தால் பார்க்கப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. முதல் கிழமையிலேயே செய்தி விம்பிள்டன் வரைக்கும் போய்விட்டது. சவுத்தாலில் இருந்து ஒரு குடும்பம் பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தது. கொட்டிலுக்குள் இடம் இல்லாததால் முறை வைத்து இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்த்தார்கள். முறையை ஒழுங்குபடுத்தியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போ பிள்ளை" என்று புத்தி சொன்னார்கள். நான் ஒருவரையும் வெளியே போடவில்லை, அவர் ஓர் அமெரிக்கரைப் பார்த்துப் போனார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அமெரிக்கக்காரி ஒருத்தி இருப்பதாகவும் கதை பரவியது.

நான் அப்போது விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை பார்த்தேன். பெல்ற்றில் தட்டுகள் வரும், ஒவ்வொரு தட்டிலும் இரண்டு ஒலிவ் காய் வைக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் இரண்டு இரண்டாக வைத்துவிட்டு வந்தால் கண்ணை மூடினாலும் ஒலிவ் காய்தான் தெரியும். வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொட்டிலுக்குக் கொண்டு போவேன். கோபத்தோடுதான் போவேன். கோப்பையைப் பெட்டியில் டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒருநாள் அவர் சொன்னார்: "இஞ்சை பாரும், இதை ஒருக்கா."

ஓர் அவரைக் கன்று. விதையின் இரண்டு பாதிகளையும் தலையில் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு வெளியே வந்திருந்தது.

"பாத்தீரே? சோத்துப் பார்சலையும் தூக்கிக்கொண்டுதான் வருது. சொந்த இலை வரும் மட்டும் அதைத்தான் சாப்பிடும்."

நான் கவிழ்த்து வைத்த வாளியில் இருந்தேன். அவர் கதைத்தார். வேர் ஏன் கீழே போகிறது, தண்டு ஏன் மேலே போகிறது, இருட்டில் அது எப்படித் தெரிந்துகொள்கிறது. தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. வீட்டுக்குள் யாரோ என்னைக் கூப்பிட்டுக் கொண்டே இருந்தார்கள். நான் எழும்பவில்லை. அன்றிலிருந்து அந்த வாளிதான் என் இடம். தினமும் கால் மணித்தியாலம். வெளியே இன்னும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவேன், சந்தோஷமாகப் போகிறேன் என்று தெரிந்தால் மற்றவர்களும் பின்னால் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில்.

அமெரிக்கரைப் பற்றி அறிந்துகொள்ளாமல் இனி முடியாது என்று நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்றை எடுத்து அகராதியோடு வாசித்தேன். என் கணவர் சொல்லாத பல சங்கதிகள் இருந்தன. குளக்கரையிலிருந்து அவருடைய தாய் வீடு அப்படியொன்றும் தூரமில்லை. நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாராம். இன்னொன்று அதைவிட அருமை. இயற்கையை இவ்வளவு நேசித்த மனிதர் ஒருதரம் மீன் சுடப்போய்க் காட்டையே எரித்துவிட்டார். இதை நான் வாளியில் இருந்து வாசித்துக் காட்டியபோது என் கணவர் புத்தகத்தை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, "அது கொட்டிலுக்குப் போக முந்தி நடந்தது" என்றார், ஏதோ கலியாணத்துக்கு முந்திய பிழை மாதிரி.

அடுத்த வசந்தத்தில் இங்கேயும் தலைவரி வந்தது. கட்டமாட்டோம் என்று ஊரே எழும்பியது. என் கணவரின் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "அவரும் இதைத்தான் கட்டேல்லை" என்றார்.

"அகதிக் கேஸ் நடக்குது, நீ மறியலுக்குப் போய்ப் புத்தகம் எழுதப் போறியோ?" என்று அத்தான் கத்தினார்.

நான் தபால் கந்தோருக்குப் போய் அவருடைய பெயரில் கட்டிவிட்டு வந்தேன். அவர் ஒவ்வொரு நாளும் பொலிஸை எதிர்பார்த்து ஒரு சின்னப் பையில் மாற்றுடுப்பு வைத்திருந்தார். பிறகுதான் அந்த வாழ்க்கை வரலாற்றில் வாசித்தேன், அமெரிக்கருக்கும் யாரோ ஒருவர் வரியைக் கட்டித்தான் அடுத்த நாள் காலையில் வெளியே விட்டார்களாம். அவருடைய மாமியோ சித்தியோ என்கிறார்கள். எந்தக் கண்டமானாலும் எந்த நூற்றாண்டானாலும் ஞானிகளின் வரியைக் கட்டுவது வீட்டுப் பெண்கள்தான். நான் கட்டிய கதை அவருக்குத் தெரிய வந்ததும் ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை. மறுநாள் அவரைக்குப் பூச்சி பிடித்ததைக் காட்டக் கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தார். நல்ல மனுஷி, குருவிகளுக்குச் சாப்பாடு போடுவார். முதல் குளிர்காலத்தில் வேலிக்கு மேலால் என் கணவருக்கு ஒரு கம்பளி கொடுத்தார். இரண்டாவது குளிர்காலம் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பாவம், அந்த மனிதரை அந்த வீட்டுக்காரர்கள் வெளியே படுக்க வைத்திருக்கிறார்கள் என்று கவுன்சிலுக்கு எழுதிப்போட்டார். வெள்ளைக்காரிக்கும் எங்கள் சனத்துக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் இது. கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. தோட்டக் கொட்டிலில் யாராவது வசிக்கிறார்களா, அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார் என்று இருந்தது.

கடிதத்தைக் கண்டதும் அத்தானுக்கு இருபது வயது குறைந்தது. நாட்டை விட்டு வந்த பிறகு அவருக்குப் பதில் எழுத ஓர் அரசாங்கக் கடிதம் கிடைக்கவே இல்லை. மேசையைத் துடைத்து, பேனையைக் கழுவி, அப்பழுக்கில்லாத ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினார். அக்கட்டடத்தில் மானிடர் எவரும் வசிப்பதில்லை, அது இக்குடும்பத்தின் வழிபாட்டுத் தலம், அங்கு உறைபவர் இறைவன் மட்டுமே. எங்களைக் கேட்காமல் எழுதி, எங்களைக் கேட்காமல் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் சொன்னார்.

"இப்ப என்ன செய்யிறது?" என்று என் கணவர் கேட்டார்.

"எழுதினதை உண்மையாக்க வேணும். தபால் கந்தோரிலை பொய்க் கணக்குக் காட்ட ஏலாது."

அவர் மேலே போய்த் தன் பெட்டியைத் திறந்து ஒரு துவாய்ச் சுருளைக் கொண்டு வந்தார். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கருங்கல் பிள்ளையார். ஊரில் அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் இருந்தவராம். நான்கு நாட்டு விமான நிலையங்களைத் தாண்டி வந்தவர். ஓர் ஊரில் சுங்கக்காரன் அதைக் கடதாசி பறக்காமல் வைக்கிற பாரம் என்று நினைத்து விட்டுவிட்டானாம்.

மெத்தை வெளியே வந்தது, பிள்ளையார் உள்ளே போனார். பெட்டி மேசைக்கு மேல் என்னுடைய சிவப்புப் பட்டுச் சேலைத் துண்டு. மணி கிடைக்காமல் ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுவந்து கதவு நிலையில் பூட்டினார்கள். அதிகாரி வந்த அன்று பத்துப் பேரும் குளித்து, திருநீறு பூசி, இரண்டு வரிசையாக நின்றோம். அத்தான் வேட்டியோடு கற்பூரம் காட்ட, ஒருவர் சைக்கிள் மணியை டிரிங் டிரிங் என்று அடித்தார். என் கணவர் அவரைக் கொடிக்குப் பக்கத்தில் தன் இழவு வீட்டுக்குத் தானே வந்தவர் மாதிரி நின்றார்.

அதிகாரி இளவயதுக்காரர். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், ஒரு காலுறையில் ஓட்டை. குனிந்து உள்ளே பார்த்தார். மோதகம் மூன்று சாப்பிட்டார். பிறகு எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை என்றார். குளிரில் ஆள் படுக்கக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. பகலில் போய் இருக்கலாம், வாசிக்கலாம், விரும்பினால் கதவைப் பூட்டிக்கொள்ளலாம், அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. தன்னுடைய அப்பாவும் வேலையால் ஓய்வுபெற்ற நாளிலிருந்து கொட்டிலுக்குள்தான் இருக்கிறார், இந்த நாட்டில் பாதி ஆண்கள் அப்படித்தான் என்றார். நாங்கள் வேலிக்கு மேலால் பார்த்தோம். வரிசையாக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொட்டில். நாங்கள் இத்தனை வருடமாக அவற்றுக்குள் புல்வெட்டி இருப்பதாக நினைத்திருந்தோம்.

அவர் போனதும் என் கணவர் கேட்டார்: "அப்ப பிள்ளையாரை எடுக்கலாம்தானே அண்ணை?"

"வைக்கிறது லேசு. விளக்கு ஏத்திப் பூசையும் செய்தாச்சு. இனி எடுக்கிறதுக்கு அவரென்ன சாக்கு மூட்டையோ?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகப் பிள்ளையாராகவே முடிந்தது, அதுதான் வில்லங்கம். வெள்ளிக்கிழமை தோறும் சனம் வரத் தொடங்கியது. விசா கிடைக்காத ஒருவருக்குக் கொட்டிலில் கும்பிட்ட மறுகிழமை விசா கிடைத்துவிட்டது; அதற்குப் பிறகு தெருவில் கார் நிறுத்த இடமில்லை. அவரைக் கொடிகளை மிதித்து அழித்துவிட்டார்கள். வாத்துத் தொட்டி தீர்த்தத் தொட்டியாயிற்று. பரிபாலன சபை ஒன்று அமைத்தார்கள். அத்தான் தலைவர், கீழ் அறையில் இருந்தவர் செயலாளர். மூன்றாவது கூட்டத்திலேயே சபை இரண்டாக உடைந்தது. ஆறடிக் கொட்டிலுக்கு இரண்டு சபை. காலைப் பூசை ஒரு சபை, மாலைப் பூசை மற்றது.

என் கணவர் வீட்டுக்குள் திரும்பி வந்தார். வந்தவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். அமெரிக்கரின் புத்தகம் தலையணைக்குக் கீழே போயிற்று. தேத்தண்ணீர் கொடுத்தால் வாங்கினார், கோப்பையைத் திருப்பித் தந்தார். வாளி வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் கிடந்தது. முன்பு அவர் கதைக்காமல் இருந்ததைத் தாங்கினேன். கதைத்துவிட்டு நிறுத்தியதை என்னால் தாங்க முடியவில்லை. ஒலிவ் காய் வைக்கும்போது அழுதேன். சில தட்டுகளில் மூன்று விழுந்திருக்கும்.

நான் வெள்ளிக்கிழமை விரதக்காரி. பிள்ளையார் கதை விரதத்துக்கு இருபத்தொரு நாள் ஒருநேரச் சாப்பாட்டோடு இருக்கிறவள். பிள்ளையாரைக் கிளப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வருமா? ஆனால் வேறு வழி தெரியவில்லை. ஒருநாள் ஆளில்லாத கொட்டிலில் தனியே போய் நின்று அவருக்கே சொன்னேன். "அப்பனே, உனக்கு உலகம் முழுக்க ஆலமரமும் அரசமரமும் குளத்தடியும் இருக்கு. அந்த மனுஷனுக்கு இது ஒண்டுதான் இருந்தது." பிள்ளையார் மறுத்ததாகத் தெரியவில்லை.

அத்தானிடம் வாயால் சொன்னால் காரியம் நடக்காது என்று எனக்குத் தெரியும். அவர் எழுத்துக்கு மட்டும் கட்டுப்படுகிறவர். ஆகவே ஒரு தாளில், 'ஐயா, மேற்படி மூர்த்தியை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு இடமாற்றம் செய்ய அனுமதி வேண்டல்' என்று தலைப்பிட்டு, காரணங்களை எழுதி, 'உண்மையுள்ள' போட்டு அவருடைய அறைக் கதவுக்குக் கீழால் தள்ளினேன். காரணம் என்ற இடத்தில், 'கணவர் கதைப்பதில்லை' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

மூன்று நாள் அவர் என்னைக் கண்டும் காணாதவர் போல் இருந்தார். நான்காம் நாள் பதில் என் அறைக் கதவுக்குக் கீழால் வந்தது. விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. பின்வரும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்படுகிறது. மூர்த்தி ரயிலில் செல்ல வேண்டும், காரின் டிக்கியில் அல்ல. நிலத்தில் வைக்கலாகாது. அவருக்குத் தனி ஆசனம் ஒதுக்கப்பட வேண்டும். கணவரும் உடன் செல்ல வேண்டும். கடைசி வரி மட்டும் வேறு மையில் இருந்தது: 'கொட்டிலில் இருந்தவனுக்குச் செய்தது பிழைதான்.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தானே பிள்ளையாரைத் துவாயில் சுற்றி, பாத்திரம் கழுவும் சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து என் கணவரிடம் கொடுத்தார். "கிணத்தடியிலை இருந்தவர். இப்ப கிணறும் இல்லை, வீடும் இல்லை. கவனமாக் கொண்டுபோ" என்றார்.  துவாயின் நுனியை ஒருதரம் சரிசெய்துவிட்டு, காலியாகும் கொட்டிலைப் பற்றியும் முடிவு எடுத்தாயிற்று என்றார். ஜேர்மனியில் இருந்து வரும் யாரோ ஒருவரின் மருமகனுக்குத் திங்கட்கிழமையிலிருந்து அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. குளிர் வர முதல் வேறு இடம் பார்த்துவிடுவானாம். பட்டியலும் ஒட்டியாயிற்று.

என் கணவர் தொட்டியோடு நடந்தார்.  கடவுளையே கிளப்பியும் கொட்டில் கிடைக்கவில்லை.

ரயிலில் பிள்ளையார் யன்னலோரம் இருந்தார், நாங்கள் இருவரும் அவருக்குப் பக்கத்தில். அக்டன் டவுனில் ஏறிய ஒரு பெரியவர் அந்த ஆசனம் காலியா என்று கேட்டார். ஆள் இருக்கிறது என்றேன். அவர் துவாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றபடியே வந்தார். ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி மாறினோம். விம்பிள்டனில் ஐயர் துவாயை விலக்கிப் பார்த்து, "துணைக்கு ஒருத்தர் வந்தா நல்லதுதானே" என்று வாங்கிக்கொண்டார். அர்ச்சனை செய்தோம். இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கும்பிட்டாரா தெரியாது.

திரும்பும்போது மடியில் வெறும் தொட்டி. ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து ஓடத் தொடங்கியது. நான் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன், சுவரைப் பார்த்த அந்த முதுகை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உதைப் பாத்தீரே?"

பாதையோரச் செங்கல் சுவரின் வெடிப்பில் ஊதாப் பூக்குலையோடு ஒரு செடி நின்றது.

"சீனாவிலை இருந்து வந்தது. தோட்டத்துக்கெண்டு கொண்டந்தவை. அது மதிலேறிப் போட்டுது. மண் தேவையில்லை, தண்ணி தேவையில்லை, சுண்ணாம்பு இருந்தாப் போதும்."

"இதுக்கும் அகதிக் கேஸ் நடக்குதோ?"

அவர் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தார். பிறகு கதைத்தார். அந்தச் செடியின் விதை ரயில் ஓடும் காற்றிலேயே பறந்து போகுமாம், ஆகவே ரயில் போகிற இடமெல்லாம் அதுவும் போகுமாம். அதற்கு அடுத்து நின்ற முட்பற்றை. அதற்கு அடுத்து ஒரு கொடி, அது இடமா வலமா சுற்றுகிறது என்ற விஷயம். அமெரிக்கரும் ரயில் பாதையோரமாக நடந்துதான் ஊருக்குள் போய் வருவாராம். தாய் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் அதுதான் வழியாம். சுத்துது, மடியுது, பூக்குது என்று கை இரண்டையும் ஆட்டி ஆட்டிச் சொன்னார், ஊர் வகுப்பறையில் நின்றது போல. பெட்டியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

ரெய்னர்ஸ் லேன் வந்தது. கதவு திறந்தது. அவர் கதையில் மகரந்தத்துக்கு வந்திருந்தார், வெளியே பார்க்கவில்லை. நான் பெயர்ப் பலகையை நன்றாகவே பார்த்தேன். அங்கே வீடு, ஒன்பது பேர், குளியலறைப் பட்டியல், சமைக்காத ஞாயிற்றுக்கிழமைச் சோறு. வாயைத் திறந்தால் மட்டும் போதும். என் வாய் அன்றைக்கு ஒருநாள் என்னை முந்தவில்லை.

கதவு மூடியது. மூன்றாவது ஸ்டேஷனில்தான் அவர் நிறுத்தினார்.

"எங்கடை ஸ்டேஷன் போட்டுதே?"

"ஓம்."

"ஏன் நீர் சொல்லேல்லை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியை என் மடியிலிருந்து எடுத்து, போகும்போது பிள்ளையாரை வைத்தது போலப் பக்கத்து ஆசனத்தில் வைத்தார். ரயில் அக்ஸ்பிரிட்ஜ் வரை போகும், அதற்கப்பால் பாதை இல்லை. அங்கே இறங்காமல் அப்படியே இருந்தால் அது திரும்பவும் புறப்படும் என்றார்.